கோடி நன்றி, மைக் செட் அண்ணே!

நாங்கள் எடுத்த படம் போட்டிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. விருதுக்கான இறுதிப் பட்டியலிலும் பெயர் வந்துவிட்டது. நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

முதல் நன்றி மைக் செட் அண்ணனுக்கு. பெயர் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். போடாவிட்டாலும் ஆளைத் தெரியும்.

படம் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. பாகம் பிரித்த இரண்டு வீடு, நடுவில் ஒரே கிணறு, கிணற்றின் குறுக்கே மதில். நம்ம மாவட்டத்தில் பார்க்காத காட்சி இல்லை. இந்தப் பக்கம் அவள், அந்தப் பக்கம் அவன். முகம் பார்த்துப் பேச வழியில்லை. கிணற்றுக்குள் குனிந்துதான் காதலும் சண்டையும். அவள் கேட்டதற்கும் அவன் பதிலுக்கும் நடுவே இரண்டு மூன்று நொடி, வாளியிலிருந்து தண்ணீர் சொட்டுவது மட்டும் கேட்கும். சிரிப்பு வருவது அங்கேதான். அந்த இடத்தில் வேறு சத்தம் நுழைந்தால் காட்சி செத்தது.

கிணறு கிடைத்ததோ தேவாலயத் திருவிழா சமயத்தில். கொடியேறினால் பத்து நாளும் குழாய் ஸ்பீக்கர் பாடும். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, பாட்டு இல்லாமல் என்ன திருவிழா?

“எடிட்டிங்கில் பாட்டை எடுத்துவிடலாமே” என்று கேட்டவர்கள் உண்டு. ஃபேன் இரைச்சல் போலச் சீராக ஓடும் சத்தத்தை மென்பொருள் ஓரளவு குறைக்கும். பாட்டு அப்படிப் போகாது. பேச்சு புரிவதற்கு வேண்டிய 300 முதல் 3400 ஹெர்ட்ஸ் வரையிலான அதிர்வெண் பகுதியில்தான் குழாய் ஸ்பீக்கரும் ஓங்கிப் பாடும். அதை வெட்டினால் வசனமும் சேர்ந்து போகும். போதாததற்கு ஒரு ஷாட்டில் பல்லவி, அடுத்த ஷாட்டில் சரணம் என்று பதிவாகியிருக்கும். இரண்டையும் ஒட்டினால் பாட்டு குதிக்கும். சினிமாப் பாட்டாக இருந்தால் உரிமை வாங்காமல் போட்டிக்கே அனுப்ப முடியாது, பின்னணியில் மெலிதாகக் கேட்டாலும் சரி. டப்பிங் பேசலாம்தான், கிணற்றுக்குள் பலூனை உடைத்து அந்த எதிரொலியைப் பதிந்துவைத்தால் பிறகு குரலோடு சேர்த்துக்கொள்ளவும் முடியும். ஆனால் கைப்பிடிச் சுவரில் நெஞ்சு அழுந்தக் குனிந்தவர் குரல் டப்பிங் அறையில் நிமிர்ந்து நின்றால் வராது.

அண்ணனிடம் கேட்டது, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே கொஞ்சம் நேரம் விட முடியுமா என்று மட்டும்தான். அவர் நேரே வந்து கிணற்றடியில் நின்று காது கொடுத்தார். பக்கத்துக் குழாயும் தூரத்துத் தென்னையில் கட்டியதும் ஒன்றாக இந்த மதிலைப் பார்த்துப் பாடுகின்றன என்று கண்டுபிடித்தார். ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். நூறு மீட்டர் தள்ளியிருக்கும் குழாயின் சத்தம் கால் நொடிக்கும் கூடுதலாகப் பிந்தி வரும், ஒவ்வொரு சொல்லும் இரண்டாகக் கேட்கும். அந்த இரண்டு குழாய்க்கும் தனி வயர் இழுத்து ஒரு சுவிட்சில் போட்டார். எல்லாம் பேரலல் இணைப்பு என்பதால் மற்றவை பாட்டுக்குப் பாடின. சீரிஸ் இணைப்பில் இருந்திருந்தால் ஒன்றைக் கழற்றியதும் அத்தனையும் ஊமையாகியிருக்கும். ஜெபத்துக்கும் அறிவிப்புக்கும் சுவிட்சைப் போட்டுவிடுவார், கோயிலுக்கு ஒரு குறையும் இல்லை.

மிச்சச் சத்தத்துக்கு மிஸ்டு கால். ஒன்று வந்தால் ஓடுகிற பாட்டோடு நிறுத்துவார், இரண்டு வந்தால் அடுத்ததைப் போடுவார். போன் வாசலுக்கு வெளியேதான் இருக்க வேண்டும். மைக் வயருக்குப் பக்கத்தில் வைத்தால் கால் வரும்போது ‘டிக்கிடி டிக்கிடி’ என்று பதிவில் ஏறிவிடலாம்.

யாரும் எதிர்பாராதது அதற்குப் பிறகு. கடைசி டேக் முடிந்து எல்லாரும் வயரைச் சுற்றும்போது அவரே கூப்பிட்டுச் சொன்னார்: “மக்களே, வெறும் சத்தத்தையும் கொஞ்சம் பிடிச்சு வச்சுக்கிடுங்க. நான் இன்னும் பாட்டுப் போடல.” அந்த ஒரு நிமிடப் பதிவுதான் படத்தைத் தாங்கியது. வசனத்தை வெட்டி நகர்த்தும் இடமெல்லாம் ஒலியில் ஓட்டை விழும். அதை அடைக்க அதே இடத்தின், அதே நேரத்தின் வெறுமை வேண்டும். தென்னையோலை, எங்கோ ஒரு காகம், கிணற்றின் மெல்லிய முழக்கம். வேறு கிணற்றில் எடுத்தது பொருந்தாது. இது அவருக்கு எப்படித் தெரியும் என்றால், மைக் ஊளையிடாமல் இருக்க நிகழ்ச்சிக்கு முன்னால் காலி மண்டபத்தைக் கேட்டுப் பழகிய காது அது.

அனுமதி தந்த பங்குச் சாமிக்கும் திருவிழாக் கமிட்டிக்கும், மதிலின் இரண்டு பக்கத்து வீட்டாருக்கும் நன்றி. ஷாட்டுக்காக ஃபிரிட்ஜை நிறுத்தினால் வண்டிச் சாவியை அதற்குள் போட்டுவிடு, திரும்பப் போடாமல் வீட்டுக்குப் போக முடியாது என்று சொல்லித் தந்தவருக்கு, கெடாமல் தப்பிய மீன் சார்பிலும் நன்றி. கிணற்று ஈரத்தில் மைக் பொரியாமலிருக்க சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்துக் கொடுத்த செருப்புக்கடைக்காரருக்கும், கட்டன் சாயாவும் பழம்பொரியும் தந்த கடைக்கும்.

நொடிக்கு 25 ஃபிரேமில் எடுத்துவிட்டுத் தியேட்டருக்காக 24-க்கு இழுத்தால் படம் நான்கு சதவீதம் மெதுவாகும், சிரிப்புக்கு விட்ட இடைவெளியும் தொய்யும் என்று படப்பிடிப்புக்கு முன்பே எச்சரித்த நாகர்கோவில் ஆபரேட்டர் அண்ணாச்சியை மறக்க முடியாது. சப்டைட்டில் போட்ட டீச்சரையும் அப்படித்தான். கேள்வியும் பதிலும் ஒரே கார்டில் வந்தால் அவன் வாய் திறக்கும் முன்பே பார்ப்பவர் சிரித்து முடித்துவிடுவார் என்று, ஒவ்வொரு பதிலையும் தனியாகப் பிரித்துத் தந்தார்.

படத்தை இப்போதே யூடியூபில் கேட்காதீர்கள். பொதுவில் வெளியான படத்தைச் சேர்த்துக்கொள்ளாத விழாக்கள் உண்டு. முடிவு வந்ததும் கிணற்றடியிலேயே திரை கட்டுவோம்.

இனி இடம் பார்க்கப் போனால் கேமராக்காரருக்கு முன்னால் சவுண்ட் பார்க்கிறவர் போவார், இது தீர்மானம். அண்ணே, அடுத்த கொடியேற்றத்துக்கு முந்தின நாள் வயர் இழுக்க எங்கள் ஆட்கள் இரண்டு பேர் வருவார்கள். கூலி பேச வேண்டாம், ஏணி மட்டும் எடுத்து வையுங்கள்.