தடுப்பூசி நாளிலேயே கழுத்தையும் பாருங்கள்

ஐயா,

கைக்குழந்தைகளின் வளர்ச்சிப் படிகள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை படித்தேன். குப்புற விழுவது, தவழ்வது எல்லாம் விரிவாக இருந்தது, ஆனால் டார்ட்டிகோலிஸ் எனப்படும் பிறவிக் கழுத்துச் சாய்வு பற்றி ஒரு வரிகூட இல்லை. காதுக்குப் பின்புறமிருந்து காறை எலும்புக்கு இறங்கும் தசை ஒரு பக்கம் இறுகிவிடுவதால் தலை அந்தப் பக்கம் சாய்கிறது, முகவாய் எதிர்ப்பக்கம் திரும்புகிறது. பெரும்பாலும் வலி தெரியாததால் குழந்தை அழுவதில்லை, வீட்டிலும் 'போகப் போகச் சரியாகிவிடும்' என்று விட்டுவிடுகிறார்கள். அங்கேதான் காலம் வீணாகிறது. முதல் 3 மாதங்களுக்குள் பிசியோதெரபி தொடங்கினால் பெரும்பாலான குழந்தைகளுக்கு அறுவைச் சிகிச்சையே தேவைப்படாது. தள்ளிப்போட்டால் பயிற்சிக் காலம் நீளும், ஒரே பக்கம் அழுந்திப் படுத்துத் தலையும் தட்டையாகலாம்.

என் பேரன் பால் குடிக்கும்போது ஒரு பக்கம் மட்டும் முரண்டு பிடிப்பான். தடுப்பூசி போட்ட செவிலியர்தான் அவன் கழுத்தை மெல்லத் திருப்பிப் பார்த்து, உடனே மருத்துவரிடம் காட்டச் சொன்னார். அந்தப் பரிசோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. முதல் சில மாதத் தடுப்பூசிகளுக்கு வரும் எல்லாக் குழந்தைகளுக்கும் தலை இரு பக்கமும் சமமாகத் திரும்புகிறதா, கழுத்தில் சிறு கட்டி தட்டுப்படுகிறதா என்று பார்த்துத் தடுப்பூசி அட்டையிலேயே குறிக்கச் சுகாதாரத் துறை உத்தரவிட வேண்டும். கழுத்துச் சாய்வுள்ள குழந்தைகளில் சிலருக்கு இடுப்பு மூட்டுக் கோளாறும் சேர்ந்திருக்கலாம் என்பதால், சாய்வு இருந்தால் இடுப்பு மூட்டையும் அப்போதே சோதித்துவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி