இசைப்பதிவு கேட்போர் மன்றம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டும் மாதம் ஒரு கூட்டம் என்ற ஒழுங்கு தவறவில்லை. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அடுத்து வாசிப்பார் என்பதால், நான் நேரே நாம் கேட்ட மேற்கத்திய செவ்வியல் இசைப் பதிவுகளுக்கும் அவற்றைப் பற்றிப் பேசியவற்றுக்கும் வருகிறேன்.

சென்ற பொதுக்குழுவில் ஒரு குறை எழுந்தது. பதிவு ஓடி முடிந்ததும் "அருமை", "பிரமாதம்" என்று சொல்லிக் கலைந்துவிடுகிறோம், யாருக்கு எந்த இடம் பிடித்தது என்று தெரிவதே இல்லை என்றார்கள். அது நியாயமான குறைதான். அதற்காக இரண்டு வழக்கங்களைக் கொண்டுவந்தோம். யார் வாசித்தது, எந்த ஆண்டுப் பதிவு என்பதை முதலில் சொல்வதில்லை. பேச்சு தொடங்கும் முன் ஒவ்வொருவரும் தாம் கேட்டதை, இடத்தையும் குறிப்பிட்டு, ஒரு தாளில் எழுதிவிட வேண்டும். மூத்தவர்கள் பேசியதும் புதியவர்கள் கருத்தை மாற்றிக்கொள்வது இதனால் நின்றது. இந்த ஆண்டு நாம் செய்ததில் மிக உருப்படியான காரியம் இதுதான் என்பேன்.

முதல் பலன், ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ் (ஒரே அடித்தளத்தின் மேல் எழுதிய மாறுபாடுகளின் தொகுதி) கேட்ட மாலையில் தெரிந்தது. இரண்டு பியானோ பதிவுகள். ஒன்று 39 நிமிடத்துக்குள் பாய்ந்து முடிகிறது, மற்றது 51 நிமிடத்துக்கு மேல் போகிறது. ஏறக்குறைய எல்லாத் தாள்களும் இரண்டு வெவ்வேறு கலைஞர்கள் என்றே சொல்லின. இரண்டும் கனடியப் பியானோ கலைஞர் க்ளென் கூல்டுதான்: 1955-லும் 1981-லும், நியூயார்க்கின் அதே ஒலிப்பதிவுக் கூடத்தில். இளைய உறுப்பினர் ஒருவர் மட்டும், இரண்டிலும் வாசிப்புக்கு அடியில் ஒரு முணுமுணுப்பு கேட்கிறது, ஆள் ஒருவரே என்று எழுதியிருந்தார். இன்னொருவர் இரண்டாம் பதிவு முழுக்க மேசையில் விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். ஒரு வேரியேஷனில் ஓடிய துடிப்பு அடுத்ததிலும் ஏதோ ஒரு கணக்கில் தொடர்கிறது என்று அவர் காட்டியபோது, வெறும் நிதானம் என்று நாங்கள் நினைத்தது ஒரு பெரிய கட்டுமானமாகத் தெரிந்தது. மறுபடி ஒரு முறை போட்டுக் கேட்டோம். அன்று கூட்டம் முடிய வெகு நேரமாகிவிட்டது.

அதிகம் பேசப்பட்டது இசையமைப்பாளர் மாலரின் ஒன்பதாம் சிம்பொனி, அதாவது பெரிய இசைக்குழுவுக்காக எழுதிய பல பகுதிகள் கொண்ட படைப்பு. 1938 ஜனவரி 16 அன்று இசை நடத்துநர் ப்ரூனோ வால்டர் வியன்னா ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவை நடத்தியபோது அரங்கிலேயே பதிவானது அது. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டுகளில் இருபது பக்கங்களாக வெளிவந்தது. தாள்களில் இருமல் சத்தம், இரைச்சல், ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகும் வயலின்கள் என்றெல்லாம் எழுதியிருந்தார்கள். ஒருவர் தாளில் "யாரோ பின்னால் துரத்துவது போல ஓர் அவசரம்" என்று இருந்தது.

அப்புறம்தான் வரலாற்றைச் சொன்னோம். மாலர் இந்தச் சிம்பொனியைக் கேட்காமலே 1911-இல் இறந்தார். 1912-இல் இதே இசைக்குழுவைக் கொண்டு இதை முதன்முதலில் அரங்கேற்றியவரும் வால்டர்தான். 1938 பதிவுக்கு இரண்டு மாதங்களுக்குள் நாஜி ஜெர்மனி ஆஸ்திரியாவை விழுங்கியது. வால்டர் நாடிழந்தார். முதல் வயலின் வரிசையின் தலைவரும் மாலரின் தங்கை கணவருமான அர்னோல்ட் ரோசே லண்டனுக்குப் போக நேர்ந்தது. அறையில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு, கதை தெரிந்தபின் கேட்பது இசையைக் கேட்பதாகுமா என்று ஒருவர் கேட்டார். 1961-இல், 84 வயதில், வால்டர் அமெரிக்காவில் ஸ்டீரியோவில் செய்த பதிவையும் போட்டோம். அதே மனிதர், அதே இசை, ஆனால் கடைசிப் பகுதி விலகவே மனமில்லாதது போல நீள்கிறது. அழகு இதில் கூடுதல் என்று சிலர் சொன்னார்கள். நான் 1938-ஐத்தான் சொல்வேன், அதன் இரைச்சலோடு சேர்த்து. கதைக்கு முன் எழுதிய தாளையும் பின் எழுதிய தாளையும் சேர்த்தே பாதுகாக்க முடிவு செய்தோம்.

ஒரு வருத்தமும் உண்டு. பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியில் மூன்றாம் பகுதி நிற்காமல் நான்காம் பகுதிக்குள் பாய வேண்டும். டிம்பனி என்ற பெரிய முரசின் மெல்லிய தட்டல் மேல் இசை மெதுவாக ஏறி, வெளிச்சம் போல வெடிக்கும் இடம். கார்லோஸ் க்ளைபர் நடத்திய 1974 பதிவை நாம் கணினி வழியாகப் போட்டபோது இரண்டு பகுதிகளுக்கும் நடுவே ஒரு மௌனம் விழுந்தது. அமைப்பை முன்கூட்டியே சரிபார்க்காதது என் தவறு. முதன்முறை கேட்க வந்திருந்த இருவருக்கு அந்த இடம் கிடைக்காமல் போனது. அடுத்த மாதம் குறுந்தகட்டில் அதையே மீண்டும் போட்டோம், அவர்களும் வந்தார்கள். கூடவே இசை நடத்துநர் ஆர்தர் நிகிஷ் பெர்லின் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவோடு 1913-இல் செய்த, இதே சிம்பொனியின் பதிவில் முதல் பகுதியையும் கேட்டோம். மைக் இல்லாத காலம். கலைஞர்கள் ஒலியை வாங்கும் ஒரு கூம்பின் முன் நெருக்கி உட்கார்ந்து வாசித்தது. கரகரப்பைத் தாண்டிக் கேட்கப் பழகினால், வேகத்தை அவர் எவ்வளவு தாராளமாக நெகிழ்க்கிறார் என்பது புரிகிறது.

நூலகத்துக்கு எல்பி தட்டுகளும் குறுந்தகடுகளும் அளித்தவர்களுக்கு நன்றி. பட்டியல் சரிபார்ப்பு இன்னும் பாக்கி இருக்கிறது. இரவல் எடுத்தவர்கள் தயவுசெய்து திருப்பித் தர வேண்டும்.

வரும் ஆண்டில் பாக் தனிச் செல்லோவுக்கு (பெரிய வயலின் போன்ற தந்திக் கருவி) எழுதிய ஆறு சூட்டுகளையும், அதாவது நடன வகை இசைத் தொகுப்புகளையும், மாதம் ஒன்றாக எடுக்கலாம் என்று செயற்குழு பரிந்துரைக்கிறது. ஆறையும் முதலில் முழுமையாகப் பதிந்த செல்லோ கலைஞர் பாப்லோ கசால்ஸின் 1936 முதல் 1939 வரையிலான பதிவுகள் நம்மிடம் உள்ளன. உங்களிடம் இருக்கும் வேறு பதிவுகளைக் கூட்டத்துக்கு முன்பே, உறையில் வாசித்தவர் பெயர் தெரியாதபடி மூடி, என்னிடம் தந்துவிடுங்கள்.

இப்பரிந்துரையோடு அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்