தாதிமைப் படிப்பு: பெற்றோர் சந்திப்பு

வணக்கம், சுங்கை சிப்புட் பெற்றோர்களே.

எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவத் தேர்வு) முடித்த பிள்ளைகளுக்குத் தாதிமைப் படிப்பு பற்றி விளக்கக் கூடுகிறோம். 19 ஏப்ரல், ஞாயிறு, காலை 10 மணி, தமிழ்ப்பள்ளி மண்டபம். அரசு மருத்துவமனையில் வேலை செய்யும் நம் ஊர்த் தாதி ஒருவர் பேசுவார்.

1. எஸ்.பி.எம். முடிவின் நகல் கொண்டு வாருங்கள்.

2. இதுதான் முக்கியம்: எந்தக் கல்லூரிக்கும் அவசரப்பட்டு முன்பணம் கட்டிவிடாதீர்கள். டிப்ளோமா 3 ஆண்டு. அப்புறம் மலேசியத் தாதியர் வாரியத்தின் தேர்வில் தேறிப் பதிந்தால்தான் தாதியாக வேலை செய்ய முடியும். தொழில் சான்றிதழை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். வாரியம் ஏற்காத படிப்பில் சேர்ந்தால் பிள்ளையின் 3 ஆண்டும் வீண், கட்டிய பணமும் வீண். ரப்பர்ப் பால் வெட்டிச் சேர்த்த காசு அது.

3. பிரசவம் பார்க்கும் வேலையில் விருப்பமா? பதிவுபெற்ற தாதியான பிறகு அதற்குத் தனிப் பயிற்சி உண்டு. மருத்துவச்சிகளுக்கென்று 1966இலேயே இங்கே தனிச் சட்டம் வந்துவிட்டது.

4. பையன்களையும் அழைத்து வாருங்கள். ஆண்களும் தாதியராகலாம்.

எத்தனை பேர் வருகிறீர்கள் என்று வியாழன் இரவுக்குள் இங்கேயே பதில் போடுங்கள். தோட்டத்திலிருந்து வர வண்டி இல்லாதவர்கள் தயங்காமல் சொல்லுங்கள், வேன் ஏற்பாடு செய்கிறோம்.