க்ரீம் வாங்கும் முன் பவர் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் அழகுக் குறிப்பில், செல்போனும் கம்ப்யூட்டரும் பார்த்துக் கண் களைத்தால் சின்ன வயதிலேயே கண்ணோரம் சுருக்கம் விழும் என்று எழுதி, பூசிக்கொள்ள ஒரு க்ரீமும் சொல்லியிருந்தீர்கள். திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கண்ணாடிக் கடையில் பல வருடமாகப் பவர் பார்க்கும் வேலையில் இருப்பவள் நான். அந்தக் குறிப்பில் முக்கியமான ஒன்று விட்டுப்போய்விட்டது.

களைப்பு நேராகத் தோலைச் சுருக்குவதில்லை. கண்ணை இடுக்குவதுதான் சுருக்குகிறது. பார்வை மங்கினால் நம்மை அறியாமலே இமையை இடுக்குகிறோம். உள்ளே போகும் ஒளி குறுகி, எழுத்து கொஞ்சம் தெளிகிறது. அப்போது கண்ணைச் சுற்றி வளையமாக உள்ள தசை இறுகி, மேல்தோலை மடிக்கிறது. உடம்பிலேயே மெல்லிய தோல் இமைத்தோல். மடிப்பு மாற்றாமல் பீரோவில் வைத்த பட்டுப்புடவை மாதிரி, ஒரே இடத்தில் மடிந்து மடிந்து தடம் நின்றுவிடும். போடாக்ஸ் ஊசி கண்ணோரக் கோட்டை மறைப்பதும் இந்தத் தசையைத் தளர்த்தித்தான்.

நாற்பதைத் தாண்டிய தையல்காரப் பெண்கள் கடைக்கு வருவார்கள். வெள்ளெழுத்து வந்திருக்கும், கண்ணாடி போட்டால் வயசு தெரியும் என்று தள்ளிப்போட்டிருப்பார்கள். எழுத்து அட்டையைக் கைநீட்டித் தள்ளிப் பிடிப்பார்கள், புருவம் நெரியும், கண்ணோரம் மூன்று நான்கு கோடு விழும். சரியான லென்ஸைப் போட்டுவிட்டால் புருவம் தானாக இறங்கும். கோடும் பாதி மறையும். மீதிப் பாதி போகாது, அதுதான் எனக்கு வருத்தம்.

எல்லாப் பழியையும் இடுக்கலின் மேல் போடவும் முடியாது. பெரிய காரணம் வெயில். 2012-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் ஒரு லாரி ஓட்டுநரின் படம் வந்தது. 69 வயது, 28 வருடம் லாரி ஓட்டியவர். ஜன்னல் பக்கம் இருந்த இடது முகம் மட்டும் வரிவரியாகத் தொங்கிப்போயிருந்தது. ஜன்னல் கண்ணாடி வழியாக வந்த புற ஊதாக் கதிரின் வேலை அது. புகைப்பழக்கமும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம்.

செல்போன், கம்ப்யூட்டர் திரையின் நீல ஒளியைத் தடுக்கும் கண்ணாடியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கண் களைப்பை அது குறைப்பதாகத் தெரியவில்லை என்றுதான் 2023-ல் வந்த காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. கடைக்கு வந்து கேட்பவர்களிடமும் இதையே சொல்கிறேன். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை தலைதூக்கி இருபது விநாடி தூரத்தில் பார்த்தால் கண்ணுக்கு ஓய்வு, அதற்குச் செலவில்லை.

அடுத்தமுறை இப்படிக் குறிப்பு போடும்போது, முதலில் பவர் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அரசு மருத்துவமனைக் கண் பிரிவு இருக்கிறது, தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது.

தேவனாம்பட்டினத்து மீனவர்களுக்கும் ஒரு பத்தி எழுதுங்கள். மேலே வெயில், கீழே தண்ணீரிலும் மணலிலும் பட்டுத் திரும்பும் கூச்சம். இடுக்காமல் அவர்களால் பார்க்கவே முடியாது. முகத்தைத் தளர்த்தும்போது சுருக்கத்துக்குள் வெயில் படாத இடம் வெளிறிய கோடாகத் தெரியும். பலருக்குக் கண்ணில் சதையும் வளர்கிறது, அதற்கும் வெயில் ஒரு காரணம். விளிம்பு வைத்த தொப்பியும் கூலிங்கிளாஸும் வேண்டும். கறுப்பாக இருந்தால் மட்டும் போதாது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்பதற்கு அடையாளமாக யூவி 400 என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
திருப்பாதிரிப்புலியூர், கடலூர்.