பங்க் இசையின் கணக்கு 1965இலிருந்து தொடங்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் 'பங்க் ராக்' என்ற முரட்டு ராக் இசை குறித்து வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். தமிழ் நாளிதழ்கள் அரிதாகவே தொடும் பொருள் என்பதால் மகிழ்ச்சியே. ஆயினும், அந்த இசை 1970களின் நடுவில் நியூயார்க்கிலும் லண்டனிலும் திடீரென முளைத்துவிட்டது போல எழுதியிருப்பதை என்னால் ஏற்க இயலவில்லை. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, 1965இல், அமெரிக்காவின் வடமேற்கு மூலையிலுள்ள டகோமா நகரத்து இளைஞர்கள் ஐவர் அடங்கிய 'தி சோனிக்ஸ்' குழுவினர் 'ஹியர் ஆர் தி சோனிக்ஸ்' என்ற தங்கள் முதல் ஆல்பத்தை வெளியிட்டிருந்தனர். அதை விட்டுவிட்டு எழுதப்படும் பங்க் வரலாறு அரைகுறையானது என்பது என் கருத்து.

ஜெர்ரி ரோஸ்லி பாடிக்கொண்டே கீபோர்டு வாசித்தார். லாரி பரிபா கிட்டார், அவருடைய சகோதரர் ஆண்டி பேஸ் கிட்டார், ராப் லிண்ட் சாக்ஸபோன், பாப் பென்னட் டிரம்ஸ். அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் அந்த ஆல்பத்தின் பன்னிரண்டு பாடல்களில் எட்டு பிறருடையவை. அவற்றுள் சில, அன்றைய நடன அரங்குகளில் எந்தக் குழுவும் வாசித்திருக்கக்கூடிய சாதாரணப் பாடல்களே என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆல்பத்தின் உயிர் ரோஸ்லி எழுதிய 'தி விட்ச்', 'சைக்கோ', 'பாஸ் ஹாஸ்', 'ஸ்ட்ரிக்னின்' ஆகிய நான்கில் இருக்கிறது. காதலியின் கண்ணழகைப் பாடி வானொலிகள் நிறைந்திருந்த காலத்தில், ஸ்ட்ரிக்னின் எனும் எட்டிக்கொட்டை நஞ்சு தண்ணீரையும் மதுவையும் விடச் சுவையானது என்று ஒருவர் தொண்டை கிழியப் பாடினால் கேட்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

பாடுபொருளைவிட ஒலிப்பதிவுதான் பெரிய செய்தி. சியாட்டில் நகரில் கியர்னி பார்ட்டன் என்பவரின் கூடத்தில், இரண்டே டிராக் (ஒலித்தடம்) கொண்ட டேப் இயந்திரத்தில், டிரம்ஸ் முழுவதற்கும் ஒரே ஒரு மைக் வைத்து இது பதிவு செய்யப்பட்டது. நான் அல்சூரில் இசைக்குழுக்கள் வாசித்துப் பழக மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் ஜாம் ரூம் ஒன்றை நடத்திவருகிறேன். காக்ஸ் டவுனிலிருந்தும் மர்பி டவுனிலிருந்தும் வரும் நம் பிள்ளைகள் ஸ்னேருக்கு ஒன்று, கிக் டிரம்முக்கு ஒன்று, தலைக்கு மேல் இரண்டு என்று மைக் கேட்பார்கள். பதிவு முடிந்ததும் கம்ப்யூட்டரில் ஒவ்வோர் அடியையும் நூல் பிடித்தாற்போல் நேராக்கிவிடுவார்கள். அவர்களுக்கு 'சைக்கோ' பாடலைப் போட்டுக் காட்டினால், "ஸ்பீக்கர் கிழிஞ்சு போச்சாண்ணா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கேள்வியில் தவறில்லை. லாரி பரிபா ஆம்ப்ளிஃபயரை அதன் எல்லைக்கு மேல் முடுக்குவதோடு நில்லாமல், பனிக்கட்டி உடைக்கும் ஊசியால் ஸ்பீக்கரில் ஓட்டையும் போடுவார் என்பதை அவருடைய சகோதரரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1966இல் அடுத்த ஆல்பமான 'பூம்' பதிவின்போது, ஒலி இன்னும் முரட்டுத்தனமாக ஒலிக்க வேண்டுமென்று ஒலிப்பதிவுக் கூடத்துச் சுவரில் ஒட்டியிருந்த ஒலித்தடுப்பையே இவர்கள் பிய்த்தெறிந்தார்கள். (என் அறையில் இந்தக் கதையைச் சொல்வதில்லை.)

'தி விட்ச்' அமெரிக்காவின் வடமேற்கு வட்டாரத்தில் நன்றாக விற்றாலும், நாடு தழுவிய வெற்றி இவர்களுக்குக் கிட்டவில்லை. பிறகு ஹாலிவுட்டுக்குச் சென்று மெருகேற்றிப் பதிந்த மூன்றாவது ஆல்பம் குழுவினருக்கே பிடிக்கவில்லை. அறுபதுகள் முடியும் முன்பே ஐவரும் ஆளுக்கொரு திசையில் பிரிந்துவிட்டனர். ஆனால் அந்த முதல் ஆல்பம் கைமாறிக் கைமாறிப் பயணம் செய்தது. 1980இல் தி கிராம்ப்ஸ் என்ற பங்க் குழு தன் முதல் ஆல்பத்தில் 'ஸ்ட்ரிக்னின்' பாடலைச் சேர்த்துக்கொண்டது. டகோமா இருக்கும் அதே வாஷிங்டன் மாநிலத்தவரான, நிர்வாணா ராக் குழுவின் பாடகர் கர்ட் கோபேன், சோனிக்ஸின் அந்த ஆல்பத்து டிரம்ஸ் ஒலியை, குறிப்பாக அந்த ஒற்றை மைக்கை, வியந்து பேசியிருக்கிறார். அதே ஆல்பத்தில் சோனிக்ஸ் எடுத்துப் பாடிய, ரிச்சர்ட் பெர்ரியின் 'ஹேவ் லவ் வில் டிராவல்' பாடலை 2003இல் தி பிளாக் கீஸ் என்ற ராக் குழு பதிவு செய்தபோது, அது சோனிக்ஸ் வழியாகவே அவர்களிடம் வந்தது என்பது கேட்ட மாத்திரத்தில் விளங்கும்.

சோனிக்ஸ் பாடல்களில் அரசியல் கோபம் இல்லை. சூனியக்காரியும் காரும் பைத்தியமும்தான் இருக்கின்றன, எனவே இதைப் பங்க் என்பது மிகை என்று கட்டுரையாளர் வாதிடலாம். அரசியல் இல்லை என்பது உண்மையே. இவர்கள் வெட்டவெளியிலிருந்து தோன்றியவர்களும் அல்லர். அதே டகோமாவின் வெய்லர்ஸ் குழுவினர்தான் இவர்களுக்கு வழிகாட்டி, தமது எட்டிகெட் இசைத்தட்டு நிறுவனத்தின் மூலம் இந்த ஆல்பத்தையும் வெளியிட்டனர். ஆனால் மூன்றே கார்டு (சுரக்கூட்டு), கிழிந்த ஒலி, அலறும் குரல், மலிவான பதிவு என 1976இன் அடையாளங்களாகத் தங்கள் கட்டுரை பட்டியலிட்ட ஒவ்வொன்றும் இதில் பதினொரு ஆண்டுகள் முன்பே இருக்கும்போது, அரசியல் ஒன்றை மட்டும் காட்டி இவர்களை வாசலில் நிறுத்துவது எவ்வாறு பொருந்தும்?

இக்கட்டுரை ஒரு தொடரின் முதல் பகுதி என்று அறிவித்திருக்கிறீர்கள். அடுத்த பகுதிக்கு முன் கட்டுரையாளர் அந்த ஆல்பத்தை ஒருமுறை முழுவதும் கேட்டுவிட்டு எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். ஹெட்ஃபோன் வேண்டாம், ஓரளவு பெரிய ஸ்பீக்கரில், அக்கம்பக்கத்தார் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்பது நல்லது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
அல்சூர், பெங்களூரு.