சாவியைக் கொடுத்த பிறகும் கடன் தீராதா? கார்ப்பரேட் விவகாரங்கள் அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். 2016-ல் கொண்டுவந்த திவால் சட்டத்தின் மூன்றாம் பகுதியை எப்போது முழுசாக நடைமுறைக்குக் கொண்டுவரப் போகிறீர்கள்? தனிமனிதன் திவாலானால் என்ன செய்வது, சொத்தை யார் விற்பது, ஒரு வருடம் கழித்து மீதிக் கடனிலிருந்து அவனை எப்படி விடுவிப்பது என்று எல்லாமே அதில் இருக்கிறது. ஆனால் 2019 டிசம்பர் 1-லிருந்து கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டும்தான் அது செல்லுபடி. வீட்டுக் கடன் வாங்கி நொடித்துப்போன சாதாரண ஆளுக்கு இன்னமும் 1920-ஆம் வருடத்து வெள்ளைக்காரன் சட்டம்தான், ஊரில் மஞ்சள் நோட்டீஸ் என்பார்களே, அதேதான். ஐந்நூறு ரூபாய் கடன் இருந்தாலே மனு போடலாம் என்கிற காலத்துச் சட்டம் அது.

திருப்பூரில் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். பனியன் ஜாப் ஒர்க் படுத்துவிட்டது, வீட்டுக் கடன் தவணை மூன்று மாதம் நின்றது, கணக்கு வாராக்கடன் ஆனது, கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை எடுத்து விற்க வங்கிக்கு அதிகாரம் தருகிற சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் வந்தது. அவர்கள் கோர்ட்டுக்கு ஓடவில்லை. வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள், கணக்கை முடித்துவிடுங்கள் என்று தாங்களாகவே வங்கிக்குப் போய்ச் சொன்னார்கள். அப்படி ஒரு வழக்கமே இல்லை என்று பதில். அப்புறம் கேட்டில் பசை தடவி நோட்டீஸ் ஒட்டி, செல்போனில் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்து பேப்பரில் பெயர், முகவரி, பாக்கித் தொகை, நான்கெல்லை விவரத்தோடு விளம்பரம். வடக்கே யார் வீடு, தெற்கே யார் வீடு என்று அச்சில் வந்த பிறகு அந்தத் தெருவில் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பது? முதல் ஏலத்துக்கு யாரும் வரவில்லை, விலையைக் குறைத்து மறுபடி ஏலம், அதுவரைக்கும் வட்டி ஏறிக்கொண்டே போனது.

வீடு போன பிறகும் முடியவில்லை. ஏலத்தில் கிடைத்தது போக மீதிக்கு, அதே சட்டத்தின் 13(10) பிரிவின்படி கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் என்று கடிதம் வந்திருக்கிறது. அமெரிக்காவில் திவால் மனு போட்டு வீட்டை ஒப்படைத்தால், அந்த மீதிக்கு ஆளைப் பிடிக்க முடியாது. நம் மூன்றாம் பகுதியும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறது.

இதைத் திறந்துவிட்டால் வேண்டுமென்றே கட்டாமல் விடுவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. 30 லட்சம் வரையிலான கடனுக்கே வீட்டு மதிப்பில் 90 சதவீதத்துக்கு மேல் தரக்கூடாது என்று ரிசர்வ் வங்கி வைத்திருக்கிறது, மீதிப் பணம் கடன் வாங்கினவர் கையிலிருந்து போனது. மதிப்பு போட்டதும் வங்கி அனுப்பிய ஆள்தான். அப்படியிருக்க விலை இறங்கினால் மொத்த நஷ்டமும் ஏன் ஒரே தலையில் விழ வேண்டும்?

மூன்றாம் பகுதியை எல்லோருக்கும் அமல்படுத்தும் தேதியை அறிவியுங்கள். அதுவரைக்கும் நிதி அமைச்சகத்தோடும் ரிசர்வ் வங்கியோடும் பேசி ஒன்றையாவது செய்யுங்கள்: சாவியைத் தானாகக் கொண்டுவந்து கொடுக்கிறவரிடம் எழுத்தில் ரசீது தர வேண்டும், அந்தத் தேதியோடு வட்டி நிற்க வேண்டும், பேப்பர் விளம்பரத்தில் அவர் பெயர் வரக்கூடாது.

இப்படிக்கு,
திருப்பூரிலிருந்து ஒரு குடிமகன்