எம்டனும் சுப்ராவும்

சென்னை

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து பத்து நாளாச்சு. முட்டிவலி, அதான் தாமதம். தைலம், பெல்ட் எல்லாம் பார்த்தாச்சு, அதை விடு.

விசாகப்பட்டினம் கடற்கரையில் 1971 போர் நினைவுச் சின்னத்தைப் பேரனுக்குக் காட்டியதாக எழுதியிருந்தாய். அந்தக் கடலடியில்தான் காஜி கிடக்கிறது. நம்ம விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தைத் தேடி வந்த பாகிஸ்தான் நீர்மூழ்கி. உள்ளே 90 பேருக்கு மேல், ஒருத்தரும் மிஞ்சவில்லை. எதிரிதான், இருந்தாலும் அந்த மூடின இரும்புக்குள் கடைசி நிமிஷத்தை நினைத்தால் சோறு இறங்குவதில்லை. அதே போரில், டிசம்பர் 9 ராத்திரி டையூ பக்கம் நம்ம போர்க்கப்பல் குக்ரி மூழ்கிப் போச்சு. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள். கேப்டன் முல்லா கப்பலை விட்டு இறங்கவே இல்லை.

போன வாரம் பாகப்பிரிவினை கேசுக்காக ஐகோர்ட் போனேன். வழக்கம்போல வாய்தா. கிழக்கு மதில் பக்கம் போய், நம்ம ஊர் மேல் குண்டு போட்ட ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனின் கல்வெட்டைப் பார்த்துவிட்டு வந்தேன். நம்ம கணக்கு வாத்தியாருக்கு 'எம்டன்' என்று பேர் வைத்தது நீதானே! அடி விழுந்தது மட்டும் எனக்கு.

1914 செப்டம்பர் 22 ராத்திரி. அரை மணி நேரம்தான். துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன, ஊர் மூட்டை கட்டியது. இதெல்லாம் நம் பாட்டிமார் சொன்ன கதை. துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்ற வணிகக் கப்பலிலும் குண்டு விழுந்து மாலுமிகள் செத்ததை எந்தப் பாட்டியும் சொல்லவில்லை. சண்டைக்கே சம்பந்தமில்லாத ஆட்கள், சம்பளத்துக்குக் கப்பலேறினவர்கள். அடித்தவன் பேர் நம்ம வாயில் வசவாகவும் பாராட்டாகவும் நூறு வருஷமாக ஓடுகிறது. செத்தவன் பேர் ஒன்றுகூட எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது.

அந்த எம்டனும் நிலைக்கவில்லை. நவம்பர் 9-இல் கோகோஸ் தீவில் ஆஸ்திரேலியாவின் போர்க்கப்பல் சிட்னி அதை நொறுக்கியது. 130 பேருக்கு மேல் போனார்கள். கேப்டன் முல்லர் பிழைத்துக் கைதியானார்.

டீக்கடைக்காரரிடம் கல்வெட்டைப் பற்றிக் கேட்டேன். "ஏதோ வெள்ளைக்காரன் சண்டை சார், சர்க்கரை போடவா?" என்றார். போடச் சொன்னேன், டாக்டர் வேண்டாம் என்றிருந்தும்.

அடுத்த முறை கடற்கரைக்குப் போனால், அந்தச் சின்னத்தில் ஆட்களின் பேர் செதுக்கியிருக்கிறதா என்று பார்த்து எழுது. பேரனைப் படிக்கச் சொல், உன் கண்ணாடியை நம்ப முடியாது.

உன்
பழைய பெஞ்சுக்காரன்